தாடிக்காரன் வாங்கிய சவரக்கத்தி

முதன்முதலாகச் சவரக்கத்தி வாங்கப் போகிறவன் கத்தியைத்தான் முதலில் பார்ப்பான். அது தப்பு அய்யா. கத்தி தீட்டுகிற தோல்வாரைத்தான் முதலில் பார்க்க வேண்டும். எவ்வளவு நல்ல எஃகாக இருந்தாலும், தினமும் வாரில் இழுக்காவிட்டால் அது கருவாடு நறுக்கத்தான் ஆகும்.

இதோ, உங்கள் மேஜைமேல் பரப்பி வைத்திருக்கிறீர்கள். கத்திக்குத் துணி சுற்றி, சீட்டுக் கட்டி, அரக்கு வைத்து அவ்வளவு மரியாதை. வாரை ஓரமாகச் சுருட்டிப் போட்டிருக்கிறீர்கள். பார்த்தவுடனே எனக்கு எரிச்சலாக வந்தது, சொல்லவில்லை. எதற்கு வாங்கினாய் என்று உங்கள் ஏட்டு அதட்டிக் கேட்டார். நீங்கள் டீ வாங்கிக் கொடுத்துக் கேட்டீர்கள். டீக்காகச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். வரிசையாகக் கேட்டால் நீங்களே சரிதான் என்று சொல்லிவிடுவீர்கள்.

நான் மல்லாட்டை மண்டியில் வேர்க்கடலை மூட்டை எடை போடுகிறவன். சக்கரபாணி எடை போட்டால் மறு எடை வேண்டாம் என்று கீழ்பென்னாத்தூர் விவசாயிகள்கூடச் சொல்வார்கள். தராசு முள் ஆடிக்கொண்டே இருந்தால் எனக்குப் பொறுக்காது. அது நடுவில் வந்து நிற்கிறவரை மூட்டையை இறக்க விடமாட்டேன். என் சுபாவமே அதுதான். அதை மனதில் வைத்துக்கொண்டு மற்றதைக் கேளுங்கள்.

எனக்கும் ஆதிலட்சுமிக்கும் கல்யாணமாகி ஆறு வருஷம் குழந்தை இல்லை. அவள் போகாத கோயில் இல்லை, இருக்காத விரதம் இல்லை. வீடு பூட்டிய கடை மாதிரி கிடந்தது. முன்னறை சும்மா இருக்கிறதே என்று என் சினேகிதன் அருணகிரியை நானே கூட்டிவந்து குடிவைத்தேன். கீழ்பென்னாத்தூர் ரூட் பஸ்ஸில் கண்டக்டர். கல்யாணம் ஆகாதவன். அவன் வந்தபிறகுதான் எங்கள் வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது. அவளைத் தங்கச்சி என்பான். அவள் அவனை அண்ணா என்பாள். அவளுக்குக் கூடப்பிறந்தவர்கள் யாரும் இல்லை, ஒற்றைப் பெண். அண்ணா என்று கூப்பிட ஒரு ஆள் கிடைத்ததில் அவளுக்குச் சந்தோஷம். எனக்கும் சந்தோஷம்தான்.

பிறகு ஒருநாள் சாயங்காலம் அருணகிரி ஒரு கைக்குட்டை நிறையப் பிஞ்சுப் புளியங்காய் கொண்டுவந்தான்.

“யாருக்குடா?” என்றேன்.

“தங்கச்சிக்குத்தான். வாயெல்லாம் கசக்குதுன்னுச்சு. நீ என்னடா, ஒண்ணும் தெரியாத மாதிரி முழிக்கிற? அப்பனாகப் போறடா மடையா.”

அப்படித்தான் எனக்குத் தெரிந்தது. காலையில் நான் மண்டிக்குப் போனபிறகு அவள் வாந்தி எடுத்திருக்கிறாள். அவனுக்கு அன்றைக்கு மதிய ஷிஃப்ட். வீட்டில் இருந்தவனுக்கு முதலில் தெரிந்தது. இதில் தப்பு ஒன்றுமில்லை. அன்றைக்குச் சந்தோஷத்தில் நான் அழுதுகூட விட்டேன். ராத்திரி படுத்தபிறகு அந்தப் புளியங்காய் மட்டும் ஞாபகத்துக்கு வந்தது. ஆறு வருஷம் இல்லாதது, அவன் வந்த வருஷம் எப்படி வந்தது என்று முள் ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்தது. அவ்வளவுதான்.

செய்தி கேட்டு என் மாமியார் மணியம்மாள் கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்தாள். வந்ததும் என்னிடம் சொன்ன முதல் விஷயம்: “மாப்ள, புள்ள பொறக்கற வரைக்கும் உங்க தலைல, மூஞ்சில கத்தி படக்கூடாதுங்க. எழவு வீட்டுல பாடை தூக்கக்கூடாது. புள்ளைக்கு ஆவாது.” எங்கள் பக்கம் எல்லா வீட்டிலும் உள்ளதுதான், உங்களுக்கும் தெரியும். தாடியோடு ஒருத்தன் தெருவில் போனால், வீட்டில் மாசமா என்றுதான் கேட்பார்கள். எனக்கும் தாடி வளர்ந்தது. பார்க்கிறவர்கள் எல்லாம் சிரித்துக்கொண்டே கேட்டார்கள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

தேரடி வீதிப் பக்கம் கண்ணாயிரம் சலூன் வைத்திருக்கிறார். சவரம் இல்லாவிட்டாலும் பேப்பர் படிக்கப் போவேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அருணகிரி நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். கண்டக்டர் வேலைக்கு முகம் மழுங்க மழித்திருக்க வேண்டும். கண்ணாயிரம் அவன் கன்னத்தைத் தட்டிவிட்டுச் சொன்னார்: “பாத்தியாப்பா, ஒரே வீட்டுல ஒருத்தரு சாமியார், ஒருத்தரு புது மாப்ள. வாழ்வுதான் அருணகிரிக்கு.”

கடையில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள். அருணகிரி எல்லாருக்கும் முன்னால் சிரித்தான். நானும் சிரித்தேன்.

அந்த வாரம்தான் கத்தி வாங்கினேன். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

சலூனுக்குப் போகப் பிடிக்கவில்லை, பிள்ளை பிறந்ததும் நானே வீட்டில் மழித்துக்கொள்ளலாம் என்று தோன்றியது. பிரசவச் செலவு வேறு வருகிறது, எதையும் சிக்கனமாகச் செய்ய வேண்டும். சின்னக்கடைத் தெருவில் பழைய சாமான் விற்கிற பாய், பட்டாளத்திலிருந்து வந்த ஆள் விற்றுவிட்டுப் போனது என்று இந்த மடக்குக் கத்தியை எடுத்துப் போட்டார்.

“எஃகு நல்ல எஃகு தம்பி. பிடிலதான் விரிசல். அதான் கம்மியா சொல்றேன். புதுசுன்னா ஜாஸ்தி ஆவும்.” பிறகு என் முகத்தைப் பார்த்தார். “தாடிக்காரருக்கு எதுக்குக் கத்தி?”

“புள்ள பொறந்ததும் எடுக்கணும் பாய். இப்பவே வாங்கி வெச்சுக்கறேன்.”

அவர் சிரித்து இன்னும் கொஞ்சம் குறைத்துக் கொடுத்தார். வாங்குகிறவன் பிடியைப் பார்த்து ஏமாறக் கூடாது. வாயைப் பார்க்க வேண்டும். வெளிச்சத்தில் பிடித்தால் விளிம்பில் எங்கேயும் மின்னக் கூடாது. மின்னினால் அங்கே மொட்டை. கைமயிரில் லேசாக வைத்துப் பார்த்தேன், சத்தமில்லாமல் போயிற்று. இன்னொன்று, என் சுண்டுவிரலைப் பாருங்கள். பிறவியிலேயே உள்பக்கம் வளைந்தது. என் அப்பாவுக்கும் இப்படித்தான், அவருடைய அப்பாவுக்கும் இப்படித்தானாம். பள்ளிக்கூடத்தில் கொக்கிவிரல் என்று கூப்பிடுவார்கள். கத்தியின் பின்னால் நீண்டிருக்கும் வால் அந்த வளைவில் அளவெடுத்துச் செய்தது மாதிரி உட்கார்ந்தது. இதற்குத்தான் இந்த விரல் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

பிரஷ் மட்டும் புதிதாக வாங்கினேன். மயிர் உதிர்கிற பிரஷ் வாங்குவதைப் போல வீண் செலவு வேறில்லை. படிகாரம் மளிகைக் கடையில். சோப்புக்கு ஒரு பழைய அலுமினியக் கிண்ணம். தீட்டுகிற வாருக்குத்தான் திண்டாடினேன். அருணகிரிதான் தன்னுடைய பழைய கண்டக்டர் பையின் தோல்வாரை அறுத்துக் கொடுத்தான். “ஊரு காசெல்லாம் சுமந்த வாருடா இது. உன் கத்திக்கு ராசிதான்” என்றான். எண்ணெய் போட்டுத் தேய்த்ததும் வெண்ணெய் மாதிரி ஆகிவிட்டது.

அந்தச் சமயத்தில் எனக்கு ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை அய்யா. உட்கார்ந்தால் மனசு எழுந்திரு என்னும், எழுந்தால் நட என்னும். மண்டியில் பாதி எடையில் விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடிவந்து எட்டிப் பார்ப்பேன். அவள் அரிசி பொறுக்கிக்கொண்டிருப்பாள். அவன் குறட்டை விட்டுக்கொண்டிருப்பான். திரும்பி ஓடுவேன். சாயங்காலமானால் கிரிவலம் போகிறவன் மாதிரி மலையைச் சுற்றக் கிளம்பிவிடுவேன். பிள்ளைக்காக வேண்டிக்கொண்டு நடக்கிறார் என்று தெருவில் பெருமையாகப் பேசினார்கள். ஜன்னல் கம்பியில் வாரை மாட்டிக் கத்தியை மேலும் கீழும் இழுக்கும்போது மட்டும்தான் மனது அடங்கும். அதனால் ரொம்ப நேரம் இழுத்தேன்.

கத்தி தயார். ஆனால் பழக முகம் வேண்டுமே. என் முகத்தில் கத்தி படக் கூடாது. கோயில் வாசலில் ஒரு பலூன் வாங்கி ஊதிச் சோப்பு தடவிப் பழகினேன். பட்டென்று வெடித்து நுரை எல்லாம் என் தாடியில். ஆதிலட்சுமி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. அருணகிரியும் சிரித்துவிட்டு, கிணற்றடியில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தான்.

“பலூன்ல என்னத்தடா பழகுவ? என் மூஞ்சி சும்மாதான கெடக்குது. இந்தா, பழகு. எனக்கும் சலூன் காசு மிச்சம்.”

நான் கேட்கவில்லை. அவனாகத்தான் உட்கார்ந்தான். இதை எழுதிக்கொள்ளுங்கள்.

முதலில் இரண்டு மூன்று தடவை கீறல் பட்டது. படிகாரத்தைத் தடவிக்கொண்டு, “பரவால்லடா” என்பான். பிறகு கை படிந்துவிட்டது. ஒரு மாதத்தில் கண்ணாயிரமே அவன் தாடையைத் தடவிப் பார்த்து, எந்தக் கடை என்று கேட்டாராம். அவன் தலையைப் பின்னால் சாய்த்து, கண்ணை மூடி, கழுத்தைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். பயமே கிடையாது. தப்புச் செய்யாதவன்தான் அப்படி உட்காருவான் என்று நீங்கள் சொல்வீர்கள். நானும் அதை எடை போட்டுப் பார்த்தேன். துணிந்தவனும் அப்படித்தான் உட்காருவான். முள் நடுவில் நிற்கவே இல்லை.

ஒருநாள் கேட்டேன். “அருணகிரி, புள்ள யார் ஜாடைல இருக்கும்?”

உதட்டை அசைக்காமல் சொன்னான்: “தங்கச்சி ஜாடைல இருந்தா தப்பிச்சுது. உன் ஜாடைன்னா பாவம்டா அது.”

நேரான பதில் சொல்லவில்லை, கவனித்தீர்களா?

கடைசி நாள் காலை வெயில் நன்றாக இருந்தது. வளைகாப்பு முடிந்த மறுவாரம், தாய்வீட்டுக்கு அழைத்துப்போக இன்னும் நாள் குறிக்கவில்லை. ஆதிலட்சுமி உள்ளே வேலையாக இருந்தாள். வளையல் சத்தம் கேட்டது. இரண்டு கன்னமும் முடித்துக் கழுத்துக்கு வந்திருந்தேன். அவன் கண்ணை மூடிக்கொண்டே பேசினான்.

“தங்கச்சி ஒண்ணு கேட்டுச்சுடா. புள்ளைக்கு மொத மொட்டை போடறப்ப என் மடிலதான் உக்கார வெக்கணுமாம். வேற யாரு இருக்காங்க அண்ணான்னு கேட்டுச்சு. எனக்குக் கண்ணே கலங்கிடுச்சு.”

தாய்மாமன் மடியில் வைத்து மொட்டை போடுவது வழக்கம். எனக்குத் தெரியும். அவளுக்கு அண்ணன் தம்பி இல்லை. அதுவும் தெரியும். எல்லாம் தெரியும் அய்யா. ஆனால் என் பிள்ளை அவன் மடியில் உட்கார்ந்திருக்கிறது, நான் தாடியோடு எதிரில் நிற்கிறேன், கண்ணாயிரம் கடையில் இருந்தவர்கள் எல்லாரும் சுற்றி நின்று சிரிக்கிறார்கள். அதுதான் தெரிந்தது. அப்போதுதான் முள் நின்றது. எவ்வளவு நிம்மதி என்று உங்களுக்குச் சொன்னால் புரியாது.

கை தவறிவிட்டது என்று கத்தினேன். அக்கம்பக்கம் ஓடிவந்தார்கள். நீங்களும் அன்றைக்கு அப்படித்தான் எழுதிக்கொண்டு, கத்தியைக்கூட எடுக்காமல் போனீர்கள். புதிதாகப் பழகுகிறவன், சினேகிதன், சவரக்கத்தி. யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அவன் அம்மா பச்சையம்மாள் இதே கையைப் பிடித்துக்கொண்டு, “உன் மேல தப்பு இல்லப்பா. நீ மனசொடிஞ்சு போயிடாத, வயித்துப் புள்ளக்காரிய வெச்சிருக்கிற” என்று எனக்கு ஆறுதல் சொன்னாள். பாடை தூக்கக் கூப்பிட்டார்கள். மாசமாக இருக்கிறாள், தூக்கக் கூடாது என்று ஒதுங்கி நின்றேன். எல்லாரும் சரி என்றார்கள்.

அதோடு விட்டிருக்கலாம். கருமாதி முடிந்த மறுநாள் தாடி அரித்தது. உண்மையாகவே அரித்தது. கிணற்றடியில் கண்ணாடியை மாட்டி முதல்முறையாக என் முகத்தை மழித்தேன். ஒரு கீறல் இல்லை. அப்படி அமைந்த சவரம் கண்ணாயிரத்தாலும் முடியாது. தண்ணீர் எடுக்க வந்த ஆதிலட்சுமி குடத்தோடு நின்றுவிட்டாள். என் முகத்தைப் பார்த்தாள். கத்தியைப் பார்த்தாள்.

“பாடை தூக்கமாட்டேன்னு ஒதுங்கி நின்னீங்க, வயித்துப் புள்ளைக்கு ஆவாதுன்னு. இப்ப எப்படி எடுத்தீங்க?”

“அவன் எனக்குக் கூடப்பொறந்தவன் மாதிரி. துக்கத்துக்கு எடுத்தேன்” என்றேன்.

அவள் வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டாள்.

“இது உங்க புள்ள இல்லன்னு நெனைக்கிறீங்க. அதான் எடுத்தீங்க,” என்றாள். பிறகு மெதுவாக, “அண்ணன் கழுத்துல உங்க கை தவறல” என்றாள்.

குடத்தைக் கீழே வைத்துவிட்டு அப்படியே பஸ் ஏறித் தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். பிள்ளை பிறக்கிறவரை வாயைத் திறக்கவில்லை. பிறந்தபிறகு உங்களிடம் சொல்லியிருக்கிறாள். கெட்டிக்காரி. சரியாகத்தான் சொல்லியிருக்கிறாள். கை தவறவில்லை. அந்தக் கை தவறாது. தெரிந்துதான் இழுத்தேன். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

அவளிடம் வாக்குமூலம் வாங்கப் போனபோது குழந்தையை நீங்களே பார்த்ததாகச் சொன்னீர்கள். ஆண் குழந்தை, வலது சுண்டுவிரல் உள்பக்கம் வளைந்திருக்கிறது என்றீர்கள். சொல்லிவிட்டு என் கையையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். நீங்கள் நல்ல மனிதர், ஆனால் ஒரு பக்கத் தட்டை மட்டும் பார்க்கிறீர்கள். நான் பார்த்ததெல்லாம் அருணகிரியின் முகத்தை. கையை நான் கவனித்ததே இல்லை. நாள் முழுக்க டிக்கெட் கிழித்த கை அது. பச்சையம்மாளைக் கூப்பிட்டுக் கேட்டுப் பாருங்கள் அய்யா. அவனுக்கும் சுண்டுவிரல் வளைந்துதான் இருந்திருக்கும்.