நன்றிப் பக்கத்தில் ஒரு சவுக்குக்காரர்

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பேருந்தில் எனக்கு முன்னால் மாமன் மச்சான் இரண்டு பேர். ஒருவர் முதல் புத்தகம் போட்டவர். மற்றவர் புவனகிரிப் பக்கம் சவுக்கு பயிரிடுபவர்.

“என் புக்கால ஒரு காடுகூட அழியல மச்சான். பின்னட்டையில முத்திரை பாரு. நட்டு வளத்த மரத்துல செஞ்ச பேப்பருக்குத்தான் இத குடுப்பாங்க.”

“நட்டது யாரு?”

“உன்ன மாதிரி சவுக்கு போட்டவங்கதான்.”

சவுக்குக்காரர் நன்றிப் பக்கத்தைப் புரட்டினார். “ஆபீசருக்கு நன்றி, டைப் அடிச்ச பொண்ணுக்கு நன்றி, வீட்டு நாய்க்குக்கூட நன்றி. புயல்ல பாதி மரத்த சாயக் குடுத்துட்டு நிக்கிறவனுக்கு ஒரு வரி இல்லையே.”

எழுத்தாளர் பேனாவை எடுத்து, குலுங்கும் பேருந்தில் கோணல்மாணலாக மச்சான் பெயரை அடியில் எழுதினார்.

சவுக்குக்காரர் அதை வெகுநேரம் தடவிப் பார்த்தார்.

“நாய்க்கு அப்பறம்தானா மச்சான் நான்?”