உபயம்: சுப்புராயன்

பெயர் போடாமல் எதையும் கொடுத்து எனக்குப் பழக்கமில்லை, ஆய்வாளரம்மா. ரிஷிவந்தியம் கோயிலுக்கு நான் கொடுத்த டியூப்லைட்டில் பாதி வெளிச்சத்தை என் பெயரே மறைக்கும். மீதி சாமிக்குப் போதும்.

போன வருடம் சங்கராபுரத்தில் எங்கள் தெருவுக்கென்று பத்துக் கேமரா வாங்கினேன். பெட்டியைப் பிரித்ததும் முதல் வேலையாக எல்லாவற்றிலும் ஸ்டிக்கர் ஒட்டினேன்: 'உபயம்: சுப்புராயன், முன்னாள் தலைவர்.' எட்டு கேமரா தெருவுக்குப் போனது. ஒன்று உங்கள் நிலையத்துக்கு. இதோ, தலைக்கு மேலே இருக்கிறதே, அதுதான். ஒன்று மிஞ்சியது. பொருளைச் சும்மா போட்டுவைப்பது எனக்குப் பிடிக்காது. மருமகள் ரம்யாவின் அறையில், முருகன் படத்துக்குப் போட்ட பிளாஸ்டிக் மாலைக்குப் பின்னால் வைத்தேன். மகன் தீனதயாளன் துபாயில். வீட்டுப் பெண்ணைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டாமா?

பத்தே நாளில் அவளுக்கு உறைத்துவிட்டது. "அத்தை, யாரோ என்னியே பாத்துக்கினு கீற மாதிரி கீது" என்றாள்.

"இன்னாடி, உன்னைப் பாக்கிறதுதான் இங்க அவனவனுக்கு வேலையா?" என்றாள் என் மனைவி பெரியநாயகி.

ரம்யாவின் அம்மாவும் போனில் அதையேதான் சொன்னாள். எல்லாம் எனக்குக் கேட்டது. அந்தக் கேமராவில் குரலும் வரும், நல்ல கம்பெனி.

பிறகு அவள் கண்ணாடி மேல் துண்டு போட ஆரம்பித்தாள். அப்புறம் கடிகாரத்தின் மேல். சாமி படத்தின் மேல் மட்டும் போடவில்லை; பக்தி உள்ள பெண். யார் பார்க்கிறார்கள் என்று காட்டிக்கொடு முருகா என்று தினமும் அதன் முன்னால் நின்று அழுவாள். என் முகத்துக்கு நேராகக் கேட்பதுபோல் இருக்கும்.

உறவுக்காரர்களைக் கூப்பிட்டு அந்தத் துண்டுகளைக் காட்டினேன். முன்னாள் தலைவர் சொன்னால் ஊர் நம்பும். கடிகாரத்துக்குத் துண்டு போடுகிறவள் சொன்னால் நம்பாது. கல்வராயன் மலைக்குக் கூட்டிப்போய்க் கோடாங்கியிடம் வேப்பிலை அடிக்க வைத்தேன். ஜீப் வாடகையும் என்னுடையதுதான். அதில் மட்டும் பெயர் போட வழியில்லை. டாக்டர் ஒருவர் தூக்கத்துக்கு ஒரு மாத்திரை எழுதிக்கொடுத்தார்.

வியாழக்கிழமை முதல் பஸ்ஸில் குழந்தையோடு திருநாவலூருக்கு, அம்மா வீட்டுக்குக் கிளம்பிவிடுவதாகப் போனில் கிசுகிசுத்தாள். புதன்கிழமையே பேத்தியை என் மகள் வீட்டில் விட்டுவந்தேன்.

"மாமா, நான் போறது உங்களுக்கு எப்படிங்க தெரிஞ்சிது?" என்று கேட்டாள்.

நியாயமான கேள்வி. அன்றிலிருந்து கஞ்சியில் ஒன்றுக்கு நாலாக மாத்திரை கரைத்தேன். இப்படியெல்லாம் யோசிக்கிறவளுக்குத் தூக்கம் வேண்டாமா?

நாலாம் நாள் பிற்பகல் மூன்று மணிக்குக் கட்டிலிலிருந்து விழுந்தாள். நான் டீக்கடையில் இருந்தேன். போனில் படம் தெளிவாகத் தெரிந்தது. கதவுப் பக்கம் கையை நீட்டினாள். இரண்டு முறை குழந்தையின் பெயரைச் சொன்னாள். ஐந்து மணி வரை மூச்சு இருந்தது. ஐந்தரைக்குப் போய்க் கதவைத் தட்டினேன். முன்னாலேயே தட்டியிருக்கலாம். எப்படித் தெரிந்தது என்று கேட்பார்களே, அம்மா.

பதினாறாம் நாள் தீட்டுக் கழிக்க வீட்டைக் கழுவினார்கள். முருகன் படத்தை இறக்கியபோது அந்தக் கேமரா பெரியநாயகியின் காலடியில் விழுந்தது. அவளுக்குப் படிக்கத் தெரியாது. என் பெயர் மட்டும் தெரியும். ஊரெல்லாம் பார்த்துப் பழகியிருக்கிறாள்.

"உன் பேரு போட்டுக்கீதே" என்றாள். முப்பத்தெட்டு வருடமாக 'நீங்க' என்று சொன்னவள். அதை முந்தானையில் சுற்றிக்கொண்டு நேராக உங்களிடம் வந்துவிட்டாள்.

எல்லாம் நான்தான் செய்தேன். எங்கே கையெழுத்து என்று சொல்லுங்கள், போடுகிறேன். அலுப்பாக இருக்கிறது. ஒன்றே ஒன்றுதான். நேற்றிலிருந்து தலைக்கு மேலே இருக்கிற அந்தக் கேமரா என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறது. உங்கள் காவலர் ராதிகாவிடம் சொன்னேன். "அது கெட்டு ஆறு மாசம் ஆவுது பெரியவரே, ஒயரே கெடையாது" என்று சிரிக்கிறது அந்தப் பெண். நான் வாங்கிக் கொடுத்தது எனக்குத் தெரியாதா?

ஒரு துண்டு மட்டும் கிடைக்குமா, அம்மா?