சின்ன ராஜாவின் சர்க்கரைப் பொங்கல்

வெள்ளைக்காரன் போன பிறகும் நம்ம சீமையில் ராஜாங்கம் கலையவில்லை. இப்போது பட்டத்தில் இருப்பது ஏழு வயசுப் பிள்ளை. ஆட்சியைப் பார்ப்பது அந்தப் பிள்ளையின் சித்தப்பா. இன்று காலை காரிமங்கலத்தில் தருமபுரி பஸ் ஏறினேன். முன் சீட்டில் இரண்டு பெண்கள். ஜன்னலோரம் இருந்தவங்க சொன்னது காதில் விழுந்தது.

"இனிமே ராஜா சாப்பாட்டை யாரும் ருசி பார்க்க வேணாமாம். எம்பொண்ணை வூட்டுக்கு அனுப்பிட்டாங்க."

"யாருங்க்கா சொன்னது?"

"சித்தப்பாதான். எச்சில் சோறு ராஜாவுக்கு ஆகாதாம்."

"அவங்கப்பா காலத்துல ஆச்சு, இப்ப எச்சிலாயிருச்சா? பிள்ளைக்கு ஒண்ணு ஆனா பட்டம் யாருக்குங்க்கா போவும்?"

"மெதுவா பேசு. கண்டக்டர் அரண்மனை ஆளு."

"அவனா? நாலு தடவை ஸ்டாப்பிங் சொன்னாலே அவன் காதுல விழாது. நீங்க சொல்லுங்க."

"நேத்து மத்தியானம் சர்க்கரைப் பொங்கல் வெச்சாங்களாம். ருசி பார்க்க எம்பொண்ணை விடல, வாசப்படியிலயே நிறுத்திட்டாங்க. பிள்ளை இவளைப் பார்த்துச்சாம். அப்புறம் ஒரு உருண்டை பிடிச்சு, 'சித்தப்பா, மொத வாய் நீங்க'ன்னு நீட்டுச்சாம்."

"வாங்கிச் சாப்பிட்டாரா?"

"இன்னிக்கு விரதம்னுட்டாராம்."

எங்கள் வீட்டில் விரத நாள் ஒன்றுகூடத் தவறாது. நேற்று சஷ்டியும் இல்லை, கிருத்திகையும் இல்லை, ஏகாதசியும் இல்லை.

முருகா, அந்தப் பிள்ளைக்கு நீதான் துணை.