இடப்பக்கம் சுத்தற பாசி

தனப்பிரியா: அந்தப் பாசிப் படத்தை இன்னொருக்கா ஓட்டு புள்ள... பாத்துக்கறேன்.

ஷாலினி: பஸ்ஸுக்கு நேரமாச்சுடி. அஸ்தம்பட்டி போயி பையை எடுக்கோணும்.

தனப்பிரியா: நம்ம லேப்ல இருந்து ஒருத்திக்குத்தான் பெங்களூர் மாநாட்டு மேடை. அதுவும் உனக்கு. எனக்கு ஒருக்கா காட்டுனா குறைஞ்சா போயிருவ?

ஷாலினி: சரி, பாரு. லேசர் வெளிச்சம் தண்ணிச் சொட்டு வழியா வருதா... ஒவ்வொரு ஒத்தைச்செல் பாசியைச் சுத்தியும் வட்ட வட்டமா கோடு உழுதா...

தனப்பிரியா: அட, எனக்கே பாடமா? அந்த வட்டத்தை வச்சு, எத்தனை ஆழத்துல நீந்துதுன்னு கம்ப்யூட்டரு கணக்குப் போடும். நானும் இதே மிஷின்லதான் உக்காந்து கண்ணு கெட்டவ.

ஷாலினி: பேச்சுக்கு ஒத்திகை பாக்கறேன்டி. இந்தா, அது போற பாதை. ஸ்பிரிங்கு மாதிரி சுத்திச் சுத்திப் போகுது பாத்தியா? இந்தச் சாதிப் பாசி எல்லாம் வலப்பக்கம் சுத்தும். எங்க எடப்பாடிக் குட்டைப் பாசி மட்டும்...

தனப்பிரியா: இடப்பக்கம். தெரியும் தாயே. சார் ஒரு வாரமா அதைத்தான் பாடறாரு.

ஷாலினி: வயிறெரியுதா?

தனப்பிரியா: எரியுது. பொய் சொல்லலை. எங்க கோழிப்பண்ணைத் தொட்டியில நான் மொண்டாந்த பாசிக்கு என்ன குறைச்சல்? ஒழுங்கா வலப்பக்கம் சுத்துச்சு. ஒழுங்கா இருந்தா ஆரு திரும்பிப் பாக்கறா?

ஷாலினி: போன மாசம் வரைக்கும் சார் உன்னைத்தானே தலையில தூக்கி வச்சு ஆடுனாரு. 'தனப்பிரியா படம் எத்தனை தெளிவு'ன்னு. அப்ப எனக்கு எப்படி இருந்துச்சுன்னு கேட்டியா?

தனப்பிரியா: ஏன், சிரிச்சுட்டுத்தானே இருந்த?

ஷாலினி: ...சிரிச்சேன். சரி உடு. ஒரு ஸ்லைடு எடு.

தனப்பிரியா: இப்ப எதுக்கு?

ஷாலினி: என்ற துப்பட்டாவுல ஒரு நூல் உருவிட்டேன். எங்க தறி நூலு. 'பாருங்க, எங்க பாசி இந்த முறுக்குக்கு எதிர்ப்பக்கம் போகுது'ன்னு படத்தோட காட்டுனா, சபையே வாயைப் பொளந்துரும்.

தனப்பிரியா: வேண்டாம்... பஸ்ஸு போயிரும்.

ஷாலினி: அரை நிமிசம்டி.

தனப்பிரியா: ஷாலு, வேண்டாங்கறேன்ல!

ஷாலினி: கையை எடு... இரு. இதென்ன? திரையில நூல் முறுக்கு இடப்பக்கம் சாயுது. எங்க ஊட்டு நூல் வலப்பக்கம்தான் சாயும். தறிக்காரன் புள்ளைக்கு இதுகூடத் தெரியாதா? தனா... படம் திரும்பியிருக்குதா? அதுக்குத்தான் கையைப் புடிச்சியா? உனக்குத் தெரியுமா?

தனப்பிரியா: தெரியும். நீ படம் எடுத்து முடிச்ச அன்னைக்கே பாத்தேன். கண்ணாடியில தெரியற மாதிரி படத்தைத் திருப்பற கீ ஒண்ணு இருக்குதல்ல... ஒருக்கா அமுத்துனா திரும்பும், இன்னொருக்கா அமுத்துனா நேராகும், திரையில ஒரு அடையாளமும் இருக்காது. அது திரும்பிக் கெடந்துச்சு. உன்ற பாசியும் வலப்பக்கம்தான் சுத்துது. எங்க தொட்டிப் பாசி மாதிரியே.

ஷாலினி: ஒரு வாரமா... வாயை மூடிட்டு இருந்தியா?

தனப்பிரியா: இருந்தேன். மிஷினையே தொடாம இருந்தேன். நாலு பேர் முன்னாடி நீ அசிங்கப்படோணும்னு நெனைச்சேன். போதுமா? ஆனா அதை அமுத்துனது நானில்லை, சாமி சத்தியமா! உனக்கு முந்தின நாள் மிஷின்ல என்ற முறை. அன்னைக்கே அது திரும்பித்தான் இருந்துச்சு. நான் எப்பவும் அம்புக்குறி போட்ட ஸ்லைடு வச்சு சரிபாத்துட்டுத்தான் ஆரம்பிப்பேன். அதுல தெரிஞ்சுது. ஒருக்கா அமுத்தி நேராக்கிட்டுத்தான் எடுத்தேன்.

ஷாலினி: நேராக்கிட்டியா?

தனப்பிரியா: ஆமா.

ஷாலினி: நேராவே உட்டுட்டுப் போயிட்டியா?

தனப்பிரியா: ஆமாங்கறேன். அப்பறம் காலையில ஆரு வந்து மறுபடி அமுத்துனாங்களோ...

ஷாலினி: நான்தான்டி. உன்ற படம் நாசமாப் போகட்டும்னு மொதல்ல அமுத்துனதும் நான்தான்... என்ற முறைக்கு அதை நேராக்கறேன்னு மறுபடி அமுத்துனதும் நான்தான்.