வண்டி இன்னும் உங்க பேர்லதான்

— இல்ல சார், நான் நகரமாட்டேன். பன்னிரண்டாம் நம்பர் ஜன்னல்ல கேட்டா ஏழுக்குப் போங்கறாங்க. ஏழுல கேட்டா உங்ககிட்டப் போங்கறாங்க. நீங்க மறுபடியும் பன்னிரண்டுக்குக் கையைக் காட்டுறீங்க. நான் என்ன பம்பரமா?

— மேடம், உங்களுக்குப் பின்னாடி வரிசை நிக்குது பாருங்க.

— நிக்கட்டும். நானும் மூணு நாளா நின்னுட்டுத்தான் வந்திருக்கேன்.

— பாப்பா, வா, போயிடலாம். சாருக்குச் சாப்பாட்டு நேரம்.

— அப்பா, நீ சும்மா இரு. அவருக்குப் பசிச்சா அவர் சொல்லுவார், அதுக்கு நீ ஏன் வக்கீலா நிக்கிற? ஏன் சார், இந்த ஜன்னல் ஓட்டையை இடுப்பு உயரத்துல வச்சவன் யாரு? எவன் வந்தாலும் குனிஞ்சு கும்பிட்டுத்தான் பேசணும்னா?

— கட்டடம் நான் கட்டல மேடம். சுருக்கமாச் சொல்லுங்க, என்ன வேணும்?

— எட்டு மாசத்துக்கு முன்னாடி எங்கப்பா தன்னோட வாடகைக் காரை ஒரு சலவைக்கடைக்காரருக்கு வித்துட்டார். வித்த மூணாம் நாள், இன்னாருக்கு வித்துட்டோம்னு இதே ஆர்.டி.ஓ. ஆபீஸ் ஜன்னல்ல எழுதிக் கொடுத்தோம். படிவத்தை எழுதினது நான், கையெழுத்து அவரது. இதோ நீங்க சீல் போட்டுக் கொடுத்த ரசீது. ஆனா இன்னைக்கும் உங்க கம்ப்யூட்டர்ல வண்டி எங்கப்பா பேர்லதான் இருக்கு.

— இதுல என்ன அதிசயம்? வித்தவர் எழுதிக் கொடுத்தா பாதி. வாங்கினவரும் வந்து எழுதிக் கொடுத்தாத்தான் முழுசு. ஒத்தைக் கை தட்டினா ஓசை வருமா?

— அவர் வரலேன்னா?

— வர்ற வரைக்கும் வண்டி உங்க பேர்லதான்.

— எட்டு மாசமாவா?

— எண்பது மாசம் ஆனாலும். செத்துப்போன ஒருத்தர் பேர்ல மூணு லாரி ஓடுது மேடம் இந்த ஊர்ல. அவர் பாட்டுக்கு மேல இருந்துக்கிட்டு வரி கட்டிக்கிட்டு இருக்கார்.

— சிரிக்காதீங்க சார். போன வெள்ளிக்கிழமை விடியக்காலையில அந்தக் கார், ரோடு கூட்டிக்கிட்டு இருந்த ஒரு அம்மாவை அடிச்சுப் போட்டுட்டு நிக்காமப் போயிடுச்சு. அந்த அம்மா செத்துப்போச்சு. பால் வண்டிக்காரர் ஒருத்தர் நம்பரைப் பார்த்துச் சொல்லியிருக்கார். நம்பரைத் தட்டினா உங்க கம்ப்யூட்டர் யார் வீட்டு விலாசத்தைக் காட்டும்? எங்க வீட்டைத்தான். திங்கக்கிழமை போலீஸ் வந்துட்டாங்க.

— ...இதை முதல்லயே சொல்றதுக்கு என்ன?

— எங்க சொல்ல விட்டீங்க? நாளைக்குச் சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள, வண்டியை வித்ததுக்கு உங்க ஆபீஸ் சீல் போட்ட நகல் கொண்டு வரணும். வெறும் ரசீது செல்லாதாம். நகல் இல்லேன்னா எங்கப்பாவை உள்ள வைப்பாங்க. ஒரு கண்ணு தெரியாத மனுஷன் சார் இவர். அதுக்காகத்தான் வண்டியையே விக்க வச்சேன். விக்கமாட்டேன்னு ரெண்டு நாள் சாப்பிடாமக் கிடந்தார்.

— பெரியவரே, இங்க கிட்ட வாங்க. நீங்கதான் ஓனரா?

— ஆமாங்க ஐயா.

— மனுவுல கையெழுத்துப் போட்டுட்டீங்களா?

— பாப்பா காட்டுன எடத்துல போட்டுட்டேங்க.

— கொடுங்க பார்க்கலாம். ‘மேற்படி வாகனத்தின் கோப்பில் உள்ள எல்லாப் பக்கங்களின் சான்றிட்ட நகல்’... ஏன் மேடம், எல்லாப் பக்கமுமா? என்ன பக்கம் வேணுமோ அதை மட்டும் எழுதினாப் போதுமே. எழுதினதைத்தான் நாங்க கொடுப்போம். ஒரு பக்கம் கூடவும் கூடாது, குறையவும் கூடாது.

— எல்லாப் பக்கமும்தான் வேணும். ஒண்ணைக் கொடுத்துட்டு ஒண்ணை நீங்க அமுக்கிட்டா? சட்டம் படிச்சிட்டுத்தான் வந்திருக்கேன்.

— படிச்ச பிள்ளை. சரி, இருங்க. வண்டியோட ஃபைல் கட்டு, உள்ள ரெக்கார்டு ரூம்ல இருக்கும். எலி மிச்சம் வச்சிருந்தா எடுத்துட்டு வர்றேன்.

— பார்த்தியாப்பா? குரலை ஒசத்தினாத்தான் எழுந்திருக்கிறாங்க. பெஞ்சுல உக்காரு. மறுபடியும் வாசப் பக்கம் எங்க போற?

— காலையிலேருந்து டீ குடிக்கல, அதான்.

— பயப்படாதே. நாம எதையும் ஒளிக்கல. வித்தோம், எழுதிக் கொடுத்தோம், ரசீது வாங்கினோம். மடியில கனம் இல்ல.

— அந்த அம்மாவுக்குப் பிள்ளைங்க இருக்காமா?

— ஒரு பொண்ணாம். காலேஜ்ல ரெண்டாவது வருஷம். ஆஸ்பத்திரி வாசல்ல பையைத் தோள்ல மாட்டினபடியே உக்காந்திருந்துச்சாம், ஸ்டேஷன்ல சொன்னாங்க.

— என்ன படிக்குதாம்?

— அதையெல்லாமா கேப்பேன்? அரை மணி நேரம் உசிரு இருந்திருக்குப்பா. இடிச்சவன் இறங்கித் தூக்கிட்டுப் போயிருந்தாப் பிழைச்சிருக்கும்னு டாக்டர் சொன்னாராம். அவன் கை கால் விளங்காமப் போக.

— சாபம் விடாத பாப்பா.

— ஏன் விடக் கூடாது? அவன் எல்லாம் ஒரு மனுஷனா? வீட்டுக்குப் போய்ச் சோறு தின்னிருப்பான்ல? அந்தச் சலவைக்கடைக்காரன்தான், வேற யாரு. துணி மூட்டை எடுக்கக் கருக்கல்லயே கிளம்புற ஆளு அவன். ஸ்டேஷன்ல கூப்பிட்டு விசாரிச்சா என்ன சொல்றான் தெரியுமா? ரெண்டு வாரத்துலயே வண்டியைத் திருப்பிக் கொடுத்துட்டேன்னு கூசாமப் பொய் சொல்றான். முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிறான்.

— அவரு நல்ல மனுஷன்மா.

— நல்ல மனுஷன் ஏன் பேரை மாத்திக்கல? உனக்கு எல்லாரும் நல்லவங்க. இப்படியே இரு, ஊரு உன் தலையில மிளகாய் அரைக்கட்டும்.

— நாம வீட்டுக்குப் போயிடலாம் பாப்பா. வர்றது வரட்டும். நான் உள்ள இருந்துட்டு வர்றேன்.

— பைத்தியமாப்பா உனக்கு? செய்யாத தப்புக்கா? அவன் கொலை பண்ணுவான், நீ களி திம்பியா? சும்மா உக்காரு. வர்றார் பாரு.

— கிடைச்சிடுச்சு மேடம். நீங்க அதிர்ஷ்டசாலின்னு சொல்லத்தான் வந்தேன். ஆனா...

— என்ன ஆனா? எங்க ஃபார்ம் இருக்கா இல்லையா?

— இருக்கு. முதல் பக்கம் உங்க விற்பனை அறிவிப்பு. தேதி, சீல், எல்லாம் சுத்தம். ரெண்டாவதா ஒரு பக்கம் இருக்கே, அதுதான். பத்து நாள் கழிச்சு வந்திருக்கு.

— சலவைக்கடைக்காரன் கொடுத்ததா?

— இல்ல. வித்தவர் கொடுத்தது. ‘மேற்படி வாகனத்தின் விற்பனை ரத்து செய்யப்பட்டது. முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்து வாகனத்தை என் வசம் பெற்றுக்கொண்டேன். ஆகவே பெயர் மாற்ற வேண்டாம்.’ கீழ ஓனர் கையெழுத்து.

— பொய்.

— மேடம்...

— பொய்ங்கறேன்! எங்கப்பாவுக்குக் கையெழுத்தைத் தவிர எழுதத் தெரியாது. ரேஷன் படிவத்துலேருந்து ஆஸ்பத்திரிச் சீட்டு வரைக்கும் ஏழாம் வகுப்புலேருந்து நான்தான் எழுதுறேன். இது என் கையெழுத்தா? பாருங்க, மேல எழுதியிருக்கிறது என் கையெழுத்தா?

— இது நம்ம கேட்டுக்கு வெளிய மனு எழுதுறவர் கையெழுத்து. தினமும் நூறு பார்க்கிறேன், எனக்குத் தெரியாதா?

— அப்ப சலவைக்கடைக்காரன் காசு கொடுத்து எழுதி வாங்கி உள்ள சொருகியிருக்கான். நீங்களும் கூட்டு. நான் விடமாட்டேன் சார், உங்க மேலதிகாரிகிட்டப் போவேன், கோர்ட்டுக்குப் போவேன்!

— சொருகினவர் நேத்து எதுக்கு மேடம் இங்க வந்து அழணும்?

— யாரு அழுதது?

— சலவைக்கடைக்காரர். இதே ஜன்னல்ல. கைப்பிள்ளையோட அவர் சம்சாரமும் வந்திருந்துச்சு. ‘வண்டியைத் திருப்பிக் கொடுத்தப்ப ஓனர் ஆபீஸ்ல எழுதிக் கொடுத்துட்டேன்னு சொன்னார் சார், அந்தக் காகிதம் ஒண்ணுதான் எனக்குச் சாட்சி, நகல் கொடுங்க’ன்னார். ஓனரைத் தவிர வேற யாருக்கும் நகல் கொடுக்க விதியில்லைன்னு அனுப்பிட்டேன். கட்டைப் பிரிச்சுக்கூடப் பார்க்கல, இந்த வண்டிதான்னு இப்பத்தான் புரியுது.

— அப்பா, நீ சொல்லு. வாயைத் திறந்து சொல்லேன்! கீழ இருக்கிற இந்தக் கையெழுத்து உன்னோடது இல்லைன்னு சொல்லு.

— ...என்னோடதுதான் பாப்பா.

— என்ன?

— நான்தான் போட்டேன். வெளிய இருந்த ஆளு எழுதிப் படிச்சுக் காட்டுனாரு. போட்டேன்.

— அப்ப வண்டி?

— என்கிட்டதான் இருந்துச்சு. ஸ்டாண்டுக்குக் கொண்டு போகல. நாலு தெரு தள்ளி விறகுக்கடைப் பக்கம் நிறுத்திட்டு வீட்டுக்கு நடந்து வருவேன்.

— நீ குடோன்ல கேட் வாட்ச்மேன்தானே? நான்தானே சேர்த்து விட்டேன்?

— எட்டாம் நாளே போகச் சொல்லிட்டாங்கம்மா. லாரி வந்தா நம்பரையும் நேரத்தையும் நோட்டுல எழுதணுமாம். நான் எங்க எழுத? மத்த டிரைவருங்க கையில நோட்டைக் கொடுத்து எழுத வச்சேன். சூப்பர்வைசர் பார்த்துட்டாரு. எல்லார் முன்னாடியும் சிரிச்சாங்க.

— என்கிட்டச் சொல்லியிருக்கலாமே.

— நீதானே கேட்டுப் பேசி வாங்கிக் கொடுத்தே. அப்பனுக்கு வேலை வாங்கிக் கொடுத்துட்டேன்னு அக்கம்பக்கம் எல்லாம் சொன்னே. எப்படிச் சொல்லுவேன்? காலையில எழுந்தா எனக்குப் போறதுக்கு ஒரு எடம் வேணும்ல.

— மாசாமாசம் சம்பளம்னு கொடுத்தியே? கார்க்காசு தவணையில வருதுன்னு வேற கொடுத்தியே?

— எல்லாம் ஓட்டுன காசுதான்.

— வெள்ளிக்கிழமை...

— நான்தான்.

— அப்பா.

— அந்தக் கண்ணுப் பக்கம் எனக்குத் தெரியல பாப்பா. சத்தம்தான் கேட்டுச்சு. குப்பைத்தொட்டின்னு நினைச்சேன். கொஞ்ச தூரம் போய்க் கண்ணாடியில பார்த்தேன், தொடப்பம் ரோட்டுல கிடந்துச்சு. அப்பவும் நிறுத்தல. கால் பிரேக்குக்குப் போகல. ஏன்னு எனக்கே தெரியல.

— வண்டி இப்ப எங்க?

— பாலத்துக்குக் கீழ விட்டுட்டு நடந்து வந்துட்டேன்.

— அன்னைக்குக் காலையில எனக்குக் கண்டக்டர் பரீட்சைக் கட்டணம் கொடுத்தியே...

— ஆமா.

— பெரியவரே, தண்ணி குடிங்க. இந்தாங்க. மேடம், நீங்களும். முப்பது வருஷமா இந்த ஓட்டை வழியா ஆளுங்களைப் பார்க்கிறேன். பொய் சொல்றவங்களைப் பார்த்திருக்கேன். இப்படிப் பார்த்ததில்ல.

— பாப்பா, ஸ்டேஷனுக்குப் போவோம். நான் சொல்லிடறேன். அந்தச் சலவைக்கடை மனுஷன் பிள்ளைகுட்டிக்காரன். அந்தப் பொண்ணுகிட்டயும் ஒரு வார்த்தை... அது என்ன படிக்குதுன்னாவது கேக்கணும்.

— நாளைக்கு அஞ்சு மணி வரைக்கும் நேரம் இருக்கு. அவரா போய்ச் சொன்னாக் கொஞ்சம் இரக்கம் காட்டுவாங்க மேடம். நகல் ரெண்டு பக்கத்தையும் நான் இப்பவே சீல் போட்டுத் தர்றேன், சாப்பாடு கிடக்கட்டும்.

— சார்.

— சொல்லுங்க மேடம்.

— போலீஸ் நேரா இங்க வந்து கட்டைக் கேப்பாங்களா?

— அவங்க எங்க வருவாங்க? ஓனர் கொண்டு போறதை வச்சுத்தான் எழுதுவாங்க. ஏன் கேக்கறீங்க?

— முதல் பக்கம் மட்டும் போனா?

— அது போனா வண்டி சலவைக்கடைக்காரர்கிட்ட இருந்ததாத்தான் ஆகும். அவர் சொல்றதை யார் நம்புவா? பாவம், உள்ள போயிடுவார். அதான் மேடம் சொல்றேன், இந்த ரெண்டாவது பக்கம் உங்க கையிலதான் இருக்கு.

— பாப்பா, என்ன கேக்கிற நீ? வேணாம்மா. எந்திரி. போவோம்.

— நீ வாயைத் திறக்காதேப்பா. சார், அந்த மனுவை ஒரு நிமிஷம் கொடுங்க. ‘எல்லாப் பக்கங்களின்’னு எழுதியிருக்கேன் பாருங்க, அதை அடிச்சிட்டு ‘முதல் பக்கத்தின்’னு திருத்தித் தர்றேன்.