சொந்த நலன் உள்ளவர்கள்

— கதவை ஒட்டி நிக்காத டகல். கண்ணாடி வழியா பிரைஸுக்கு நம்ம தலை தெரியும்.

— நான் பாக்கல டெல்மா. சும்மா சாஞ்சிருக்கேன்.

— சாயறதுக்கு வேற சுவரே இல்லையா இந்த ஆபீஸ்ல? வா, பெஞ்சுல உக்காரு. ‘எனக்கு இதுல சொந்த நலன் இருக்கு’ன்னு கவுன்சில் கூட்டத்துல எந்திரிச்சுச் சொல்லி, ஓட்டுப் போடாம வெளிய வந்தவங்க நாம. உள்ள பேசறதுக்குக் காது குடுக்கக் கூடாது.

— நீ குடுக்கலையா?

— எனக்குத் தானா கேக்குது. அதுக்கு நான் என்ன பண்ணட்டும்?

— யாரு பேசறது? மேயரா?

— பிரைஸ். மூக்கால பேசறது இந்த ஊர்ல வேற யாரு? ‘ஒத்தை டெண்டர், ஒத்தை டெண்டர்’ங்கறான். கேளேன், இந்த வட்டாரத்துலயே தார்க்கலவை மிஷின் வச்சிருக்கறது வெர்னன் ஒருத்தர்தான். ரோடு போட வேற யார் டெண்டர் போடுவா, பேக்கரிக்காரனா?

— அது சரி.

— எம் மக அந்த வீட்டுக்கு வாக்கப்பட்டது என் தப்பா? ஹாக்கி ஆடற இடத்துல டெரெக்கைப் பாத்தா, பிடிச்சுது, கட்டிக்கிட்டா. மாமனார் ரோடு காண்ட்ராக்டர், அம்மா கவுன்சிலர், நாளைக்கு வம்பாகுமேன்னு யோசிச்சாளா? இப்போ ரோடுன்னு யாராவது வாயைத் திறந்தாலே நான் பையைத் தூக்கிட்டு இந்த நடைக்கு வரவேண்டியிருக்கு. இந்தப் பழைய மேயர்கள் போட்டோவைப் பாத்துப் பாத்து எனக்கு எல்லாரோட மீசையும் மனப்பாடம்.

— நீ வெளிய வந்தது சட்டப்படி சரிதான்.

— நீ வந்ததுதான் எனக்குப் புரியல. இப்போ போடப்போற பீவர் ஹில் ரோட்டுல உன் வீடு இருக்கு, அதனால சொந்த நலன்னு எந்திரிச்சுட்ட. உனக்கு மட்டுமா வீடு இருக்கு அங்க? ஏரிக்கரை வரைக்கும் வீடுதான். நீ எந்திரிச்சதும் மேயர் மூஞ்சி வெளுத்துப் போச்சு, பாத்தியா? அஞ்சு பேர்ல மூணு பேரு மிச்சம். மேயர் ஆமாம்பார். பிரைஸ் இல்லம்பான். ஹேஸல் ஒருத்தி கையிலதான் இருக்கு எல்லாம்.

— ஹேஸல் நல்லவ.

— நல்லவதான். அதான் எனக்குப் பயமே. நல்லவங்கதான் கடைசி நிமிஷத்துல மனசாட்சி அது இதுன்னு ஆரம்பிப்பாங்க.

— இன்னைக்குத் தீர்மானம் ஆகலைன்னா அப்புறம் ஆகாதா?

— நீ எந்தக் கூட்டத்துல உக்காந்திருந்த? மாகாணம் மானியம் குடுக்குது, ஆனா இன்னைக்கு ஆபீஸ் மூடறதுக்குள்ள தீர்மானம் போய்ச் சேரணும். சேரலைன்னா அந்தப் பணம் பக்கத்து ஊருக்கு. அவங்க ரோட்டுல ஏற்கெனவே மூஞ்சி பாத்துத் தலை சீவலாம், அது மேலயே இன்னொரு தடவை போட்டுக்குவாங்க. நமக்கு இன்னொரு குளிர்காலம் இதே பள்ளம். பனி உருகறப்போ அந்த மேட்டுல ரோடுன்னு ஒண்ணு இருக்காது.

— ம்.

— என்ன ம்? உனக்குப் பதட்டமா இல்லையா? எம் மருமகனுக்குக் காண்ட்ராக்ட் கிடைக்கணும்னு இல்ல, சத்தியமா இல்ல... சரி, கொஞ்சம் அதுவும்தான். ஆனா உன் பொண்டாட்டி ஐலீன் இருக்காளே. அவளை நினைச்சுத்தான் நான் இந்த விஷயத்தை ரெண்டு வருஷமா விடாம கிளறினேன். அவ எப்படி இருக்கா?

— இருக்கா.

— நேத்து டயாலிசிஸ் போனாளா?

— போகல.

— அதுக்கு முந்தின தடவை?

— மழை பெஞ்சிருந்துச்சு. மேட்டுல தண்ணி.

— டகல்! அது விளையாட்டு இல்ல. ரத்தம் சுத்தமாகலைன்னா என்ன ஆகும்னு உனக்கு நான் சொல்லணுமா?

— ஆஸ்பத்திரி வேன்காரனுக்கு வசந்தத்துல அச்சு முறிஞ்சுதில்ல, அன்னையிலருந்து மேடு ஏறமாட்டேங்கறான். கீழ நெடுஞ்சாலை வரைக்கும் நான்தான் என் டிரக்குல இறக்கிக் கொண்டு போகணும். ஒவ்வொரு பள்ளத்துக்கும் அவ கதவுக் கைப்பிடியைப் பிடிச்சுக்குவா. கத்தமாட்டா. கத்தினாக்கூடப் பரவாயில்லைன்னு இருக்கும்.

— பாவி மனுஷா, அப்புறம் ஏன் எந்திரிச்சு வெளிய வந்த? உள்ள உக்காந்து கையைத் தூக்கியிருந்தா இந்நேரம் முடிஞ்சிருக்கும்!

— சட்டம்னு ஒண்ணு இருக்குல்ல.

— என்னமோ போ. உன் நேர்மையை நீயே வச்சுக்கோ. இரு... நாற்காலி சத்தம். யாரோ எந்திரிக்கறாங்க.

— ஓட்டா?

— ஓட்டுக்கு எதுக்கு எந்திரிக்கணும்? கதவு திறக்குது... ஹேஸல்! என்னடி, முடிஞ்சுதா?

— இல்ல டெல்மா. நானும் சொல்லிட்டு வந்துட்டேன்.

— என்னத்தைச் சொல்லிட்டு?

— எனக்கும் இதுல சொந்த நலன் இருக்குன்னு. உண்மையைச் சொல்லணும்னா காலையிலயே சொல்லியிருக்கணும். வாய் வரல.

— உனக்கென்ன நலன்? நீ ஏரிக்கு அந்தப் பக்கம் இருக்க, உனக்குக் காரே கிடையாது!

— வெர்னன் ஞாயித்துக்கிழமை என்னைக் கேட்டார். சர்ச் சாப்பாடு முடிஞ்சு எல்லாரும் போனப்புறம். கையில உருளைக்கிழங்கு சாலட் பாத்திரத்தோட நின்னுட்டிருந்தார், காலிப் பாத்திரம். நான் சரின்னுட்டேன்.

— எதுக்குச் சரின்ன?

— கல்யாணத்துக்குத்தான் டெல்மா.

— நம்ம வெர்னனா? எம் மகளோட மாமனார் வெர்னனா? அட கடவுளே, அப்போ நீ எனக்குச் சம்பந்தியா?

— சம்பந்தின்னே வச்சுக்கோ.

— சரி, மோதிரம் மாத்தியாச்சா? இல்லைல்ல? கல்யாணமே ஆகாதப்போ இதெல்லாம் கணக்குல வராது. நீ உள்ள போ, போய் உக்காரு!

— வரும். மோதிரத்துக்குப் பதிலா கம்பெனியில பாதிப் பங்கை எம் பேருக்கு எழுதிட்டார். பத்திரமே ஆயிடுச்சு.

— மோதிரத்துக்குப் பதிலா கம்பெனியா! தார்க்காரன் புத்தி தார்லதான் போகும். ஏண்டி, ஒரு வாரம் பொறுத்துச் சரின்னு சொல்லியிருக்கக் கூடாதா? அறுபது வயசு வரைக்கும் பொறுத்த இல்ல?

— திட்டு டெல்மா. திட்டறது நியாயம்தான்.

— இப்போ உள்ள யாரு? மேயரும் பிரைஸும். ஒரு ஆமா, ஒரு இல்ல. சமமா வந்தா தீர்மானம் தோத்துப் போச்சுன்னு அர்த்தம். போச்சு. எல்லாம் போச்சு.

— இன்னும் போகல. அதைச் சொல்லத்தான் மேயர் அனுப்பினார். டகல், உங்களைக் கூப்பிடறாங்க.

— என்னையா? எதுக்கு?

— செக்ரட்டரி சட்டப் புத்தகத்தை எடுத்துப் பாத்தாங்க. ரோடு ஊருக்கே பொது. அதுல வீடு இருக்கறவர் அத்தனை பேருக்கும் என்ன நலனோ அதுதான் உங்களுக்கும். உங்களுக்குன்னு தனியா எந்த நலனும் கிடையாதாம். நீங்க வெளிய போயிருக்கவே வேண்டாமாம்.

— கேட்டியா டகல்? நான் என்ன சொன்னேன்! எந்திரி. உன் ஒரு கை போதும். பிரைஸ் மூக்கைப் பிடிச்சுக்கிட்டு உக்காரட்டும். ஏய், எந்திரின்னா.

— சட்டத்துல அப்படியேவா எழுதியிருக்கு, ஹேஸல்? எனக்குத் தனியா எந்த நலனும் இல்லைன்னு?

— அப்படியேதான். செக்ரட்டரி ரெண்டு தடவை படிச்சாங்க.

— நான் வரல.

— என்னது?

— வரலைன்னு சொல்லு ஹேஸல்.

— உனக்குப் பைத்தியமா பிடிச்சிருக்கு? ஐலீனுக்கு வேன் வரணும் டகல்! ரோடு இல்லைன்னா வேன் இல்ல, வேன் இல்லைன்னா அவ... நீயே சொல்லு, அவ என்ன ஆவா?

— அது எனக்குத் தெரியாதா டெல்மா? அவளுக்கும் தெரியும். மழைன்னு சொன்னேன்ல. மழை பெஞ்சது நெசம். ஆனா அவ போகாதது மழையால இல்ல. போதும்னுட்டா.

— என்ன போதும்?

— ஊசி, அந்த மிஷின், அந்த நாற்காலி. வந்து படுத்தா மறுநாள் மத்தியானம் வரைக்கும் எந்திரிக்க முடியாது, எந்திரிச்சா அடுத்த தடவை வந்துடுது. எனக்குப் போதும் டகல்னு சொன்னா. நான் கெஞ்சினேன். முட்டி போட்டுக் கெஞ்சினேன், இந்த வயசுல. அப்புறம் ஒரு வழியா ஒரு பேச்சுக்கு ஒத்துக்கிட்டா. ரோடு போட்டாங்கன்னா வேன் வீட்டு வாசலுக்கு வரும், ஏறிக்கறேன். போடலைன்னா என்னை விட்டுடணும்னா. அந்த ரோடே சொல்லட்டும்னா.

— அட கடவுளே.

— ஆனா ஒண்ணு, நீ கை தூக்கக் கூடாதுன்னா. ஆமான்னும் தூக்கக் கூடாது, இல்லைன்னும் தூக்கக் கூடாது. என் சாவையோ பொழைப்பையோ உன் தலையில நான் வைக்கமாட்டேன், சத்தியம் பண்ணுன்னா. பண்ணினேன். அதான் வீடு அந்த ரோட்டுல இருக்குன்னு சாக்கு சொல்லிட்டு வெளிய வந்தேன். உள்ள மூணு பேரு இருக்காங்க, பாத்துக்குவாங்கன்னு.

— என்னால வந்தது. நான் வெளிய வராம இருந்திருந்தா...

— உன்னால இல்ல ஹேஸல். நீ சந்தோஷமா இரு. வெர்னன் நல்லவர்.

— டகல், நான் தெரியாம உன்னை விரட்டிட்டேன். நீ உக்காரு. டெரெக்குக்கு வேற ரோடு கிடைக்கும். யாரும் உன்னைக் கட்டாயப்படுத்தல. எனக்கு அழுகையா வருது, நீ பாக்காத.

— நான் போய் அவர் வரலைன்னு சொல்லிடறேன்.

— இரு ஹேஸல். ஒரு நிமிஷம் இரு.

— சொல்லுங்க.

— காலையில நான் புதுச் சட்டை போட்டேன். ஓட்டுப் போடாதவனுக்கு எதுக்குடா நல்ல சட்டைன்னு ஐலீன் கேட்டா. காலர் மடிஞ்சிருக்கு, சேணம் சரிஞ்ச குதிரை மாதிரி நிக்கறன்னு திட்டினா. திட்டிக்கிட்டே காலரை இழுத்து விட்டா. அந்தக் கைக்கு என்ன ஜில்லிப்பு தெரியுமா? நான் வாசலைத் தாண்டறவரைக்கும் திட்டிட்டே இருந்தா.

— டகல், யோசிச்சுக்கோ. சத்தியத்தை உடைச்சா அவ உன்னை மன்னிக்கவே மாட்டா.

— மாட்டா. உசுரோட இருந்து மன்னிக்காம இருக்கட்டும். கதவைத் திற, ஹேஸல்.