பெரியவளின் கடைசிப் பேப்பர்

பாலில் ஆடை படிந்திருந்தால் என் பெரியவள் குடிக்க மாட்டாள், மேடம். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். எவ்வளவு வேலை இருந்தாலும் வடிகட்டித்தான் கொடுப்பேன். பெற்ற பிள்ளைக்கு இதுகூடச் செய்யாவிட்டால் எப்படி?

மூன்று பிள்ளைகளும் ஒரே கல்லூரி. பெரியவள் கடைசி வருடம். அடுத்தவன் இரண்டாம் வருடம். கடைக்குட்டி அப்போதுதான் சேர்ந்திருந்தான். அவர்கள் அப்பா போனபிறகு, மருந்துக் கடையில் நின்று நான் கொண்டுவருவது வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் சரியாகிவிடும். ஒரே வீட்டிலிருந்து மூன்று பேர் படித்தால் யாருக்கும் ஃபீஸ் கிடையாது என்று அங்கே ஒரு சலுகை. அதை நம்பித்தான் சேர்த்தேன்.

ஆபீஸ் கிளார்க் நல்ல மனுஷன், சிரிக்கச் சிரிக்கப் பேசுவார். "பொண்ணு முடிச்சுட்டா ரெண்டு பேர்தாம்மா, சலுகை போயிடும். ஒரு பேப்பர் பாக்கி இருந்தாலும் அவளைக் கணக்குல வெச்சுக்குவாங்க. பேசாம ஒண்ணுல கோட்டை விடச் சொல்லுங்க," என்றார். நானும் சிரித்தேன். பஸ்ஸில் வரும்போது யோசித்துப் பார்த்தேன். அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் தெரியவில்லை.

பெரியவளுக்கு ஒரு கம்பெனியில் வேலை ஏற்பாடாகியிருந்தது. தம்பிகளுக்கு ஃபீஸ் நானே கட்டுகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். கட்டுவாள்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நாளைக்கு அவளுக்குக் கல்யாணம் ஆகும், மாப்பிள்ளை எப்படியோ. சலுகைக்கு அந்தக் கவலை இல்லை.

கடைசிப் பரீட்சை அன்று காலையில் பாலில் தூக்க மாத்திரையைப் பொடித்துக் கலந்தேன். பேப்பர் மேலேயே தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டாளாம். வீட்டுக்கு வந்து அழுதாள். மடியில் படுக்க வைத்து நான்தான் தட்டிக்கொடுத்தேன்.

அடுத்த தடவையும் அதே மாதிரி. அதற்குப் பிறகு அவளுக்குத் தன் மேலேயே பயம் வந்துவிட்டது.

"எனக்கு மண்டைக்குள்ள ஏதோ ஆயிடுச்சும்மா," என்றாள்.

டாக்டரிடம் நானேதான் கூட்டிப்போனேன். உடம்பில் ஒரு கோளாறும் இல்லை, வெறும் மனப்பயம் என்றார். அவர் எழுதிக் கொடுத்த சத்து மாத்திரையை எங்கள் கடையிலேயே வாங்கினேன். வேலை பார்ப்பவர்களுக்கு விலையில் கொஞ்சம் குறைத்துத் தருவார்கள்.

கம்பெனிக்காரர்கள் அந்த இடத்தை அவளுக்காகவே வைத்திருந்தார்கள். இதுதான் கடைசி வாய்ப்பு என்று சொல்லியிருந்தார்கள். மூன்றாவது தடவை பரீட்சைக்கு அவள் படித்த படிப்பு கொஞ்சநஞ்சமல்ல. சாப்பிடும்போதும் புத்தகம்தான். பார்க்கவே பெருமையாக இருந்தது.

அன்றைக்கு மருந்து சீக்கிரமே வேலை செய்துவிட்டது. தலை வாரும்போதே அவளுக்குக் கண் சொருகியது. முகத்தைக் கழுவிக் கழுவி வந்தாள். அதற்குள் பஸ் போய்விட்டது.

"தம்பி ஸ்கூட்டர் சாவி எங்கம்மா?" என்று கேட்டாள்.

சாவி ஆணியில் தொங்கியது. நானே எடுத்துக் கொடுத்தேன். போகாதே என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். சொல்லியிருக்கலாம். ஏன் என்று திருப்பிக் கேட்பாளே, அதற்கு என்ன பதில் சொல்வது?

நேரான ரோடு. ஓரமாக நின்றிருந்த லாரியில் போய் மோதியிருக்கிறாள். பிரேக் போட்ட தடமே இல்லை என்று உங்கள் ஏட்டய்யாதான் சொன்னார். அப்படியென்றால் தூங்கிக்கொண்டே போயிருக்கிறாள். வலி தெரிந்திருக்காது. அந்த வரையில் எனக்கு ஆறுதல்.

ரத்தத்தில் மருந்து இருந்தது என்கிறீர்கள். இருக்கும். கலந்தது நான்தான், மூன்று தடவையும். பையன்கள் இருவருக்கும் எதுவும் தெரியாது. அவர்களைக் கூப்பிட்டு விசாரிக்காதீர்கள், பரீட்சை நேரம்.

துக்கம் கேட்கக் கல்லூரி முதல்வரே வீட்டுக்கு வந்தார். தம்பிகள் படிப்பு முடிகிற வரைக்கும் ஃபீஸே வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். பெரியவள் எப்போதுமே தம்பிகளுக்கு விட்டுக்கொடுப்பவள், மேடம். கேட்டிருந்தால் இதற்கும் சரி என்றுதான் சொல்லியிருப்பாள். அதனால்தான் நான் கேட்கவில்லை.